பூந்தெப்பமும் பனிவிளக்கும்

விழாவுக்கு நாள் குறிப்பவர் மனிதர். மலருக்கு நாள் குறிப்பனவோ வெயிலும் பனியும். இவ்விரண்டும் ஒத்து வரும் ஆண்டிலே ஊர் மகிழ்கின்றது. ஒத்து வராத ஆண்டிலே ஊரார் படும் பாட்டை அறிய வேண்டுமாயின், யப்பானின் வடபுலத்திலுள்ள ஹிரொசாகி நகரின் அண்மைக்கால வசந்தங்களை நோக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டு அந்நகரின் செரிமலர் விழா ஏப்ரல் 21ஆம் நாள் தொடங்குவதாக அறிவிக்கப்பட்டிருந்தது. விடுதிகளில் அறைகள் முன்னரே பதிவாகியிருந்தன. ஆனால், அவ்வாண்டு வசந்தம் விரைந்து வந்தது. அறிவித்த நாள் வருமுன்பே மலர்கள் முற்றும் விரிந்துவிட்டன. தொடக்க நாளன்று வந்தோரிற் பலர் நீர்மேல் மிதந்த இதழ்களையே கண்டனர். முன்னொரு காலத்தில் மே மாதத் தொடக்க விடுமுறை நாட்களிலே பூத்துக் குலுங்கிய மரங்கள் இவை. விழாவின் தொடக்கம் ஏப்ரல் 23 என்பது நெடுநாள் வழக்கம். அது 21 ஆயிற்று. 2024இல் 19 ஆயிற்று. அதற்கும் முன்னதாக 'முன்விழா' என்று சில நாட்களைச் சேர்த்து, விளக்கேற்றி, கடைகளைத் திறந்துவைக்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. மலரைத் துரத்திக்கொண்டு ஒரு நகரம் ஓடுகின்றது என்றால் மிகையாகாது.

ஹிரொசாகி, ஹொன்ஷு என்னும் பெருந்தீவின் வடமுனையில், அவோமோரி மாகாணத்தின் மேற்குப்புறத்தே, சுகரு சமவெளியிலே அமைந்த பழைய கோட்டை நகரம். தோக்கியோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ அறுநூறு கிலோமீற்றர் தொலைவு. நகரின் எத்தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் 1,625 மீற்றர் உயர்ந்த இவாக்கி மலை தெரியும். யப்பானிய அப்பிள்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்நகரின் எல்லைக்குள் விளைவதே.

இன்று செழிப்பாகத் தோன்றும் இச்சமவெளி பசியை நன்கறிந்தது. கோடையிலும் குளிர்காற்று வீசி, நெற்கதிர் பால் பிடிக்காமலே பதராகிப்போகும் ஆண்டுகள் அங்கு பல. 1780களிலே நேர்ந்த பெரும் பஞ்சத்தில் இச்சிற்றரசில் மட்டும் எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இம்மண்ணில் பிறந்து, 1927 முதல் 1930 வரை ஹிரொசாகி உயர்கல்லூரியில் பயின்ற எழுத்தாளர் தசாய் ஒசாமு, 1944இல் வெளியிட்ட 'சுகரு' என்னும் பயண நூலிலே, இம்மண்ணின் விளைவு பொய்த்த ஆண்டுகளை நிரலாக அடுக்கிக் காட்டுகின்றார். ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்பது அவர் காணும் கணக்கு. பயண நூல் ஒன்றில் இத்தகைய பட்டியலை எதிர்பார்க்கமாட்டோம். ஆயினும், இந்நகரத்தார் பருவங்களை ஏன் இவ்வளவு கூர்ந்து நோக்குகின்றனர், ஒவ்வொரு பருவத்துக்கும் ஏன் ஒரு விழா வைத்திருக்கின்றனர் என்பதற்கு அப்பட்டியலைவிடச் சிறந்த விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

முதலிலே செரிமலரைப் பார்ப்போம். விழா நிகழுமிடம் கோட்டைப் பூங்கா. சுகரு மரபின் இரண்டாம் தலைவரான நொபுஹிரா 1611இல் கட்டி முடித்த கோட்டை அது. அதன் பெரிய மாடம் 1627இல் இடிவிழுந்து எரிந்தது. இப்பொழுது நிற்கும் மூன்றடுக்கு மாடம் 1810இல் எழுந்தது. 1715இல் கியோத்தோ நகரிலிருந்து இருபத்தைந்து செரிக்கன்றுகளைக் கொணர்ந்து கோட்டைக்குள் நட்டனர் என்று கூறுவர். அவை படைத்தலைவர்களின் கண்களுக்கு மட்டும் உரிய மலர்கள். ஊரார் உட்செல்ல இயலாது.

மெய்ஜி மாற்றத்தின் பின் சிற்றரசுகள் ஒழிந்தன. கோட்டை பாழடைந்து, புல் மண்டிக் கிடந்தது. கிக்குச்சி தத்தேயே என்னும் முன்னாள் படைவீரர் அதனைக் காணப் பொறாதவராய், 1882இல் தம் முயற்சியால் ஆயிரம் செரிக்கன்றுகளை அங்கு நட்டார். நன்றி கிடைத்ததோ எனில், இல்லை. வீரம் விளங்கிய கோட்டையைக் குடித்துக் களிக்கும் இடமாக்குவதா என்று பழைய வீரர் குலத்தார் சிலர் வெகுண்டனர். கன்றுகளைப் பிடுங்கி எறிந்தனர், கிளைகளை முறித்தனர். தப்பிப் பிழைத்தவை சிலவே. அவற்றுள் ஒன்று இன்றும் பூக்கின்றது. 'சோமெய் யொஷினோ' என்னும் இனத்தைச் சேர்ந்த செரிமரங்களுள் யப்பானிலேயே மிக மூத்தவற்றுள் ஒன்றாக அதனை மதிக்கின்றனர். மரத்தைப் பிடுங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அதன் நிழலிலே பாய் விரித்து அமர்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பது சுவையானது.

1895இல் கோட்டை பொதுமக்களுக்குரிய பூங்காவாயிற்று. உச்சியாமா காகுயா போன்ற நகரப் பெரியோர் மேலும் பல கன்றுகளை வழங்கினர். 'கவலையற்றோர் கழகம்' என்று பொருள்படும் பெயர் பூண்ட இளைஞர் குழு ஒன்று வேடம் புனைந்து இரவில் மலர் காணும் களியாட்டத்தை நடத்திற்று. அதன் வழியே 1918இல் மலர்காண் விழா முறையாகத் தொடங்கியது. போர்க்காலத்தில் தடைப்பட்டுப் பின் மீண்டது. இன்று பூங்காவில் ஏறத்தாழ ஐம்பது வகைச் செரிமரங்கள் 2,600 வரை உள்ளன. விழா நாட்களில் வருவோர் தொகை இருபது இலட்சத்தைக் கடக்கும்.

எண்ணிக்கையிலே இதனை விஞ்சும் தோட்டங்கள் யப்பானில் வேறு இருக்கலாம். ஹிரொசாகியின் சிறப்பு எண்ணிக்கையன்று, வயது. சோமெய் யொஷினோ மரத்துக்கு அறுபது ஆண்டே வாழ்வு என்பது பொது வழக்கு. இங்கோ நூறாண்டு கடந்த மரங்கள் முந்நூறுக்கும் மேல். பிறவிடங்களில் ஒரு மொட்டிலிருந்து மூன்று நான்கு பூக்கள் விரியுமாயின், இங்கு நான்கு, ஐந்து, சில வேளை அதனினும் மிகுதியாக விரியும். கிளை தெரியாமற் பூ மூடி நிற்பதன் காரணம் இதுவே.

இவ்வதிசயத்தின் வேர் அப்பிள் தோட்டத்திலே உள்ளது. செரிமரத்தை வெட்டுபவன் மூடன் என்று யப்பானியரிடையே ஒரு முதுமொழி உண்டு. வெட்டிய காயத்தின் வழியே நோய் புகுந்து மரம் பட்டுவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். அம்முதுமொழியை நம்பிக் கத்தி வைக்காதிருந்த காலத்தில், கோட்டைப் பூங்காவின் மரங்கள் மூப்பெய்தித் தளர்ந்தன. 1955க்குப் பிந்திய பத்தாண்டுகளில், பூங்காவைப் பேணியோர் துணிந்து ஒரு காரியம் செய்தனர். சுற்றுப்புறத்து உழவர் தம் அப்பிள் மரங்களுக்குச் செய்யும் கவ்வாத்தைச் செரிமரத்துக்கும் செய்தனர். முதிர்ந்த கிளையை அகற்றினர்; வெட்டுவாய்க்கு மருந்து பூசினர்; வேரடியில் எருவிட்டனர். தளர்ந்த மரங்கள் புதுத்தளிர் விட்டன. அடுத்துவந்த வசந்தங்களில் முன்னினும் செறிவாகப் பூத்தன. இங்கே நோக்கத்தக்க ஒன்றுண்டு. கோட்டையிலே செரிக்கன்று நட்ட அதே கிக்குச்சிதான், சுகரு நிலத்தில் அப்பிள் பயிரைப் பரப்பிய முன்னோடிகளுள்ளும் ஒருவர். வேலையிழந்து நின்ற படைவீரர் குடும்பங்களுக்கு ஒரு பிழைப்பாகட்டும் என்று அவர் ஊன்றிய மரம் ஒன்று, ஊரார் கண்டு மகிழட்டும் என்று ஊன்றிய மரம் மற்றொன்று. முக்கால் நூற்றாண்டு சென்றபின் முன்னதைப் பேணிய கை பின்னதைக் காத்தது.

மலர் விரிந்து நிற்கும் காட்சியை எல்லோரும் புகழ்வர். நான் புகழ விரும்புவது அதன் உதிர்வை. கோட்டையைச் சூழ்ந்த வெளியகழியின் இருகரையிலும் மரங்கள் நீரை நோக்கிக் கவிந்திருக்கின்றன. காற்றசைந்து இதழ்கள் உதிரத் தொடங்கியதும் ஓரிரு நாட்களில் அகழி நீர் கண்ணுக்கு மறைந்து, ஒரே இளஞ்சிவப்புத் தளமாகிவிடும். பூந்தெப்பம் என்று பொருள்படும் சொல்லால் யப்பானியர் அதனை வழங்குகின்றனர். அத்தெப்பம் சில நாட்களே நிலைக்கும். பின்னர் இதழ் பழுத்து, நிறம் மங்கி, நீரோடு போய்விடும். விழாத் தொடங்குமுன் மலர் முடிந்துபோன ஆண்டுகளிலும் வந்தவரை வெறுங்கண்ணோடு அனுப்பாமற் காத்தவை இந்தத் தெப்பமும், பிந்திப் பூக்கும் அடுக்கிதழ்ச் செரிகளுமே.

2020இல் தொற்றுநோயின் பொருட்டு விழா நிறுத்தப்பட்டது. பூங்காவின் வாயில்களும் மலர்க்காலத்தில் அடைக்கப்பட்டன. காண்பாரின்றி அவ்வளவு மரங்களும் பூத்து உதிர்ந்தன. மரம் பேணுவோர்க்கு மட்டும் அவ்வாண்டும் ஓய்வில்லை.

வேனில் வருகின்றது. ஓகஸ்ட் முதல் நாள் தொடங்கி ஏழு நாட்கள் நெப்புத்தா விழா. அவோமோரி நகரில் நிகழும் நெபுத்தா உலகப் புகழ் பெற்றது. பெயரிலே ஓர் எழுத்துத்தான் வேறுபாடு, ஆனால் தன்மையிலே பெரிதும் வேறு. அவோமோரியில் வீரரும் பூதங்களும் முழுவுருவச் சிலைகளாக, உள்ளே விளக்கெரிய, ஆடிப்பாடும் கூட்டத்தோடு வருகின்றன. ஹிரொசாகியிலோ பெரும்பாலானவை விரித்த விசிறி வடிவில் அமைந்த காகித ஊர்திகள். ஹிரொசாகி ஊர்வலம் போருக்குப் புறப்படுவது, அவோமோரி ஊர்வலம் வென்று மீள்வது என்று அங்குள்ளோர் கூறுவர். வென்று மீள்பவனின் ஆரவாரத்தைவிடப் புறப்படுபவனின் நடையிலே அழுத்தம் மிகுதி. என்னைக் கேட்டால் நான் ஹிரொசாகியின் பக்கமே நிற்பேன்.

விசிறியின் முகப்பில் போர்க்கோலம். 'மூன்று இராச்சியங்கள்', 'நீர்க்கரை' முதலிய சீனப் பழங்கதைகளின் வீரர்கள் கண் பிதுங்க, வாள் சுழற்றி நிற்பர். கருமைக் கோட்டால் உருவை வரைந்து, உருக்கிய மெழுகால் இடையிடையே கோடிழுத்து, அதன்பின் வண்ணம் தீட்டுவர். மெழுகு பட்ட இடத்தில் வண்ணம் ஏறாது. உள்ளிருக்கும் விளக்கொளி அவ்வழியே பளிச்சிடும். ஊர்தி நம்மைக் கடந்து சென்றபின் அதன் பின்புறம் தெரிகின்றது. அங்கே வீரனில்லை, தனித்து நிற்கும் ஒரு பெண். வழியனுப்பும் ஓவியம் என்பது அதன் பெயர். ஆரவாரமாக வந்த ஊர்தி துயரமாகச் செல்கின்றது. போருக்குப் புறப்பட்டவனைப் பாடுவதோடு நில்லாமல், பின்னே நிற்பவளையும் இருளில் ஒளியேற்றிக் காட்டவேண்டும் என்று எவர் முதலில் எண்ணினாரோ, அவர் உள்ளத்தால் கவிஞர்.

அறுபது எழுபது குழுக்கள் தத்தம் ஊர்தியோடு வருகின்றன. தெருக்காரர், பள்ளி மாணவர், தொழிலகத்தார் என ஒவ்வொரு குழுவும் ஒரு சிற்றூர் போன்றது. முன்னே சிறுவர் கயிறு பிடித்து இழுப்பர். பின்னே முரசும் மூங்கிற்குழலும் கைத்தாளமும் தொடரும். 'யா யா தோ' என்று ஒருவர் குரலெடுக்க மற்றையோர் ஏற்பர். பெரிய விசிறிகள் மின்கம்பி குறுக்கிடும் இடத்தில் உச்சியை மடக்கிக்கொண்டு தாழ்ந்து செல்லும். நாற்சந்தியில் சுழன்று முன்னும் பின்னும் காட்டும்.

இவ்விழா எவ்வாறு தோன்றிற்று என்பதற்குக் கதைகள் பல. ஆய்வாளர் பெரிதும் ஏற்பது, தூக்கத்தை நீரில் விடும் பழைய சடங்கு என்ற விளக்கமே. வேனில் வெப்பத்தில் கண்ணயர்ந்தால் வயல் வேலை கெடும். ஆகவே அந்தச் சோர்வை விளக்கிலேற்றி ஆற்றோடு அனுப்பிவிடுவர். உறக்கத்தைக் குறிக்கும் வட்டாரச் சொல்லே நெப்புத்தா ஆயிற்று என்பர். 1722இல் சிற்றரசர் இவ்வூர்வலத்தைப் பார்வையிட்டதாக அரண்மனைக் குறிப்பேடு கூறுகின்றது. பிற்காலத்தில் தெருவுக்குத் தெரு பகைகொண்டு, ஊர்திகள் எதிர்ப்பட்ட இடத்தில் கல்லெறிந்தும் தடியெடுத்தும் மோதிக்கொண்டதும் உண்டு. இன்றைய 'யா யா தோ' அன்றைய சண்டைக் கூவலின் மிச்சம் என்பாரும் உளர். 1980இல் யப்பானிய அரசு இதனை நாட்டின் முக்கிய நாட்டார் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. ஏழாம் நாள் இறுதியில், இவாக்கி ஆற்றங்கரையில் ஊர்தி ஒன்றைத் தீயிட்டு எரித்து விழாவை வழியனுப்புவர். ஓவியனும் தச்சனும் பல மாதம் முயன்று செய்தது சில நிமிடத்தில் சாம்பலாகின்றது. அடுத்த ஆண்டுக்கு வேறு ஓவியம்.

இலையுதிர்காலத்தை அண்டி, பழைய சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாத முதல் நாளை ஒட்டி, மக்கள் இவாக்கி மலையை நோக்கிப் புறப்படுவர். வெள்ளுடை தரித்து, உயரமான கோல்களில் மரச்சீவலும் காகிதமும் தொங்கவிட்டு ஏந்தி, குழலும் முரசும் ஒலிக்க மலையடிக் கோயிலுக்கு நடப்பர். நள்ளிரவில் மலையேறி, உச்சியில் நின்று கதிரவன் எழுவதைக் காண்பர். விளைவுக்கு நன்றி கூறும் நடை இது. வேடிக்கை பார்க்க வருவோர்க்கென்று இதில் எதுவும் ஆயத்தம் செய்யப்படுவதில்லை. தசாய் அடுக்கிய ஆண்டுகளை நினைவில் வைத்திருப்போர்க்கு அக்கோல்களின் பொருளை விளக்கத் தேவையில்லை.

பின்னர் செவ்வந்தியும் செவ்விலையும் சேர்ந்த விழா. 1962 முதல் நடைபெறுகின்றது. ஒக்டோபர் இறுதியிலும் நவம்பர்த் தொடக்கத்திலும் கோட்டைப் பூங்காவின் ஆயிரம் மேப்பிள் மரங்கள் சிவக்கின்றன. செரியின் இலைகளும் உடன் சிவக்கின்றன. செவ்வந்திப் பூக்களையே ஆடையாக உடுத்திய ஆளுயரப் பாவைகளை நிறுத்தி, கதைக்காட்சிகள் அமைப்பர். அழகுதான், ஆயினும், அந்நாட்களில் ஊரின் உள்ளம் பூங்காவில் இல்லை. அப்பிள் பறிக்கும் காலம் அது. ஏணியும் கூடையுமாக வீட்டில் உள்ளோரெல்லாம் தோட்டத்தில் இருப்பர். பனி விழுமுன் கடைசிப் பழமும் இறங்கியாக வேண்டும்.

பனி இந்நகருக்கு அணியும் அச்சமும் ஆவது. 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் பெய்த கடும்பனி, சுகரு தோட்டங்களில் அப்பிள் மரங்களின் கிளைகளை ஏராளமாக முறித்தது. கிளை முறிந்த மரம் மீண்டும் நிறைந்து காய்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். மலரை முந்தச் செய்யும் வெப்பமும், மரத்தை முறிக்கும் பனியும் அடுத்தடுத்து வந்தால் உழவன் எதற்கென்று அஞ்சுவான்?

அத்தகைய பனியைக்கொண்டே 1977 முதல் ஒரு விழா நடத்துகின்றனர். பெப்ரவரி நடுப்பகுதியில் சில நாட்கள். ஊரவர் குழுக்களும் மாணவரும் பனியை இறுக்கிச் செதுக்கி, ஏறத்தாழ நூற்றைம்பது விளக்குத்தூண்களைப் பூங்காவெங்கும் நிறுத்துவர். கீழ்ப்புறத்துத் தாமரைக் குளக்கரையில் முழங்காலளவு உயரமுள்ள பனிக்குகைகள் முந்நூறு வரை அமைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவர். சப்போரோ நகரின் பனிச்சிற்பங்கள் மாளிகை அளவில் எழுந்து நம்மை வியக்க வைக்கும். இங்கே வியப்பு இல்லை, அமைதி உண்டு. காற்றடித்துத் திரி அணைந்தால் எவரேனும் குனிந்து மீண்டும் ஏற்றிவிட்டுப் போவார்.

2015ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், கோட்டையின் கற்சுவர் புடைத்துச் சரியும் நிலையில் இருந்தமையால், நானூறு தொன் எடையுள்ள மாடத்தை அப்படியே பெயர்த்து எழுபது மீற்றர் அளவு தள்ளிவைத்தனர். பொறிகளைக்கொண்டே முழுதும் செய்திருக்கலாம். ஆயினும் நகரத்தார் ஆயிரக்கணக்கில் வந்து கயிறு பிடித்து இழுத்தனர். நெப்புத்தாவின் கயிற்றைச் சிறுவயதில் இழுத்துப் பழகிய கைகள் அவை. ஆனால், அக்கைகள் ஆண்டுதோறும் குறைகின்றன. யப்பானின் வடபுல நகரங்களிலிருந்து இளைஞர் தெற்கே போய்க்கொண்டிருக்கின்றனர். அவோமோரி மாகாணத்தின் மக்கள்தொகை விரைந்து தேய்ந்து வருகின்றது. முரசடிக்கவும், அப்பிள் மரத்தில் ஏறவும், செரியின் கிளையைப் பார்த்து வெட்டவும் அறிந்தவர் இனி எத்தனை பேர் என்பது, மலர் விரியும் நாளைப் போலவே, அந்நகரத்தார் எண்ணிப் பார்க்கும் கணக்காகிவிட்டது.

பனிவிளக்கு விழா முடிந்ததும், குளக்கரைத் திரிகள் உருகிய இடத்திலே இன்னும் பனி கிடக்க, மரம் பேணுவோர் ஏணியும் அரிவாளும் எடுத்து வருகின்றனர். வசந்தத்துக்குரிய கவ்வாத்து அப்பொழுதுதான் நடைபெறும். வெட்டி வீழ்த்திய கிளைகளை எறிந்துவிடுவதில்லை, நகரத்தார்க்கு வழங்குகின்றனர். அவர்கள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய், நீர் நிறைத்த சாடியில் இட்டு, அடுப்பின் வெம்மை படும் இடத்தில் வைப்பர். வெளியே கூரையளவு பனி நிற்க, உள்ளே மொட்டு மெல்ல வீங்கிச் செந்நிறம் காட்டத் தொடங்கும்.